ஆறன்முளைக் கண்ணாடி

ஆறன்முளைக் கண்ணாடி என்பது கேரள மாநிலம், பத்தனம்திட்டா மாவட்டத்தில் பம்பை ஆற்றங்கரையிலுள்ள ஆறன்முளை என்னும் ஊரில் செய்யப்படும் உலோக ஆடியாகும். பெயரில் கண்ணாடி என்றிருப்பினும் முகம் பார்க்கும் பரப்பு முழுவதும் வெண்கலமே. திருப்பாவையில் ஆண்டாள் குறிப்பிடும் தட்டொளியும் உலோக ஆடியே எனக் கருதப்படுகிறது. பார்த்தசாரதி கோயில் பணிக்காகத் தமிழ்நாட்டின் சங்கரன்கோவில் பகுதியிலிருந்து சென்ற கம்மாளர்களே இக்கலையைத் தொடங்கினர் என்பது செவிவழிச் செய்தி.

உலோகமும் வார்ப்பும்

கலவை விகிதத்தைக் கைவினைஞர் குடும்பங்கள் மறைபொருளாகக் காத்து வருகின்றன. எனினும் சாரதா சீனிவாசனின் உலோகவியல் ஆய்வுகள், இதில் ஏறத்தாழ 33% வெள்ளீயமும் எஞ்சிய பகுதி செம்பும் உள்ளதைக் காட்டின. இவ்விகிதத்தில் டெல்ட்டா எனப்படும் சேர்மம் உருவாகிறது. இது வெண்மையானது, மிகக் கடினமானது. ஆனால் கீழே விழுந்தால் உடைந்துவிடும். விகிதம் தெரிந்த பின்னும் இதனைச் செய்வது அரிதாயிருப்பதற்கு இந்நொறுங்கும் தன்மையே முதற்காரணம்.

திருவையாற்றுக்குக் கிழக்கே, காவிரிக்கரையிலுள்ள சுவாமிமலையில் செம்பு மிகுந்த கலவையால் தெய்வத் திருமேனிகள் வார்க்கப்படுகின்றன. அங்கு மெழுகு உருவின்மேல் காவிரி வண்டல் பூசப்படுகிறது. ஆறன்முளையிலோ உள்ளூர் வயல் மண்ணால் தட்டையான அச்சு செய்கின்றனர். வார்த்த மெல்லிய தகட்டைப் பல நாட்கள் தேய்த்து மெருகிட்டுப் பித்தளைச் சட்டத்தில் பொருத்துவர்.

ஒளி முன்பரப்பிலேயே எதிரொளிப்பதால், விரல் நுனியை வைத்தால் அதன் உருவம் இடைவெளியின்றித் தொட்டு நிற்கும். சாதாரணக் கண்ணாடியில் சிறு இடைவெளி தோன்றும். போலிகளைக் கண்டறிய இச்சோதனை கூறப்படுகிறது. ஆனால் மெருகிட்ட வேறு உலோகத் தகடும் இதில் தேறிவிடும்.

மங்கல வழக்கு

அட்டமங்கலப் பொருட்களுள் கண்ணாடியும் ஒன்று. கைப்பிடியுடைய வடிவம் வால்கண்ணாடி எனப்படும். இது திருமணச் சடங்குகளிலும் விஷுக்கணியிலும் இடம்பெறுகிறது. பகவதி கோயில்கள் சிலவற்றில் தெய்வ உருவாகவே வழிபடப்படுகிறது. 1927இல் நாராயண குரு களவங்கோடத்தில் சிலைக்கு மாற்றாகக் கண்ணாடி ஒன்றை நிறுவினார். அது வால்கண்ணாடி மரபிலிருந்து வேறுபட்ட நோக்குடையது. தன்னையே காண்க என்பது அதன் பொருள்.

சப்பானின் சிந்தோ கோயில்களிலும் கண்ணாடி தெய்வத்தின் உறைவிடமாகப் போற்றப்படுகிறது. அந்நாட்டின் கைப்பிடி வெண்கல ஆடிகளின் பின்புறத்தில் நீண்ட ஆயுளைக் குறிக்கும் கொக்கு, ஆமை, பைன் மரம் முதலியன புடைப்பாக வார்க்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்ணாடியாலான ஆடிகள் பரவியதும் அவை அன்றாடப் பயன்பாட்டிலிருந்து மறைந்தன. ஆறன்முளையில் தொழில் நீடித்ததில் சடங்குத் தேவைக்குப் பெரும்பங்கு உண்டு.

இன்றைய நிலை

இந்தியாவில் தொடக்கத்திலேயே புவிசார் குறியீடு பெற்ற பொருட்களுள் இதுவும் ஒன்று. தொழில் தெரிந்த குடும்பங்கள் சிலவே. 2018 ஆகத்து வெள்ளத்தில் பம்பை கரைபுரண்டபோது பட்டறைகளில் நீர் புகுந்து அச்சுகளும், சேமித்து வைத்திருந்த மண்ணும் அழிந்தன.