ரோஜாவின் தாங்குதிறன்

எதையும் தாங்கும் ரோஜா என்று ஒரு வகையைப் பரிந்துரைப்பவர், அது எந்த ஊரில் தாங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குளிரைத் தாங்குவதும் வெப்பத்தைத் தாங்குவதும் பெரும்பாலும் எதிரெதிர்க் குணங்கள். ஜப்பான், கொரியா கடற்கரை மணலில் இயல்பாக வளரும் ரோசா ருகோசா, உறைநிலைக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸிலும் பிழைக்கும். குளிர்காலத்துக்கு முன்பே வளர்ச்சியை நிறுத்தித் தண்டை முற்றவிட்டு உறக்கநிலைக்குப் போவதுதான் அதன் பலம். உறங்க இடம் தராத வெப்பச் சமவெளியில் அதே செடி நலிந்துபோகும். மணிப்பூர், மியான்மர் மலைகளின் ரோசா ஜிகான்டியா இதற்கு நேர்மாறு: வெப்பத்தில் கொடியாகப் படர்ந்து செழிக்கும், கடும் உறைபனியில் மடியும்.

நோய் எதிர்ப்பும் இப்படித்தான். கரும்புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சையின் வித்து முளைத்து உள்ளே நுழைய, இலை பல மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். சாம்பல் நோய்க்கு அந்த நீர்ப்படலம் தேவையில்லை. வறண்ட பகலும் ஈரக்காற்றுள்ள குளிர்ந்த இரவும் போதும். எனவே மழை குறைந்த ஊரில் புள்ளியின்றி நிற்கும் செடி நோயை எதிர்க்கிறதா, நோயைச் சந்திக்கவே இல்லையா என்று இலையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. மேலும், கரும்புள்ளிப் பூஞ்சையிலேயே பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. ஓரினத்தை முறியடிக்கும் ரோஜா இன்னொன்றிடம் தோற்கலாம். பூவின் நிறத்தை மட்டும் பார்த்துக் கலப்பினம் உருவாக்கியதற்கும் விலை இருந்தது. பிரான்ஸின் பெர்னே துஷே, பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலந்து 1900இல் 'சோலே டோர்' வகையை வெளியிட்டார். தோட்ட ரோஜாக்களுக்கு அடர்மஞ்சள் வந்தது. கரும்புள்ளிக்கு எளிதில் இரையாகும் குணமும் கூடவே வந்தது.

அப்படியானால் தாங்கும் வகை எப்படிக் கிடைக்கும்? அது நிற்கப்போகும் இடத்திலேயே நாற்றுகளை வளர்த்துக் கழித்தெடுப்பதுதான் நம்பத்தக்க வழி. கனடாவின் ஒட்டாவா அரசு ஆய்வுப் பண்ணையில் ஃபெலிசிட்டாஸ் ஸ்வெய்டா 1960களில் தொடங்கிய வேலை இதற்குச் சிறந்த சான்று. குளிர்கால மூடாக்கும் மருந்துத் தெளிப்புமின்றிப் பிழைத்தவற்றையே அவர் தேர்ந்தெடுத்தார். 'ஜான் கபோட்', 'வில்லியம் பாஃபின்' போன்றவை அப்படி வந்தவை. வெப்பநாடுகளுக்கான இணையான முயற்சி கொடைக்கானலில் நடந்தது. எம்.எஸ். வீரராகவனும் கிரிஜா வீரராகவனும் ஜிகான்டியாவையும், வங்கத்துச் சதுப்பு நிலங்களில் மழைவெள்ளத்தைத் தாங்கி வளரும் ரோசா கிளைனோபில்லாவையும் பெற்றோராக்கிப் புதிய வகைகளை உருவாக்கினார்கள். ஐரோப்பியக் குளிருக்கென வந்த ரோஜாக்களைச் சமவெளியில் நட்டு ஏமாறுவோர் நிறைந்த நாட்டில், இந்தப் பணி இன்னும் பெரிய அளவில் தொடரப்பட வேண்டும்.

பூஞ்சைக்கொல்லி இருக்க வகையைத் தேடுவானேன் என்று கேட்கலாம். மருந்து புதிய தொற்றைத் தடுக்கும், மழையில் கழுவிப்போகும், புதுத்தளிர் வர வர மறுபடி அடிக்க வேண்டும். வீட்டுத் தோட்டக்காரரை இந்த ஓயாத வேலைக்குக் கட்டிப்போடுவது நியாயமல்ல. ஜெர்மனியின் ஏடிஆர் ரோஜாத் தேர்வில் 1997 முதல் பூச்சி, பூஞ்சை மருந்துகளே அனுமதிக்கப்படுவதில்லை. அதன் பிறகும் ஆண்டுதோறும் வகைகள் தேறிவருகின்றன. வீரியமான வேர்ச்செடியில் மொட்டு ஒட்டினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. வேர்ச்செடி மண்ணையும் வறட்சியையும் சமாளிக்க உதவும். ஆனால் நோய் தாக்குவது மேலே ஒட்டிய வகையின் இலையை. கடுங்குளிரில் ஒட்டுப்பகுதி முழுதும் செத்தால், வேர்ச்செடியின் துளிர்தான் மேலே வரும். சொந்த வேரில் நிற்கும் செடியோ தன் இனமாகவே மறுபடி துளிர்க்கும்.

வலுவான ரோஜாவில் மணமிராது என்பதை நான் ஏற்கவில்லை. தமிழ்நாட்டுச் சமவெளியில் மாலைக்கும் பூஜைக்கும் வளர்க்கும் பன்னீர் ரோஜா, பதியனிலேயே எளிதாக வேர்பிடித்து வெயிலைத் தாங்குகிறது, மணத்திலும் குறைவில்லை. இதைவிட வலுவான ஆட்சேபம், எந்த எதிர்ப்பும் முழுமையானதல்ல என்பது. அது உண்மை. அமெரிக்காவில் வில்லியம் ராட்லர் உருவாக்கி 2000இல் விற்பனைக்கு வந்த 'நாக் அவுட்' கரும்புள்ளியை நன்றாக எதிர்த்ததால் தெருவெங்கும் நடப்பட்டது. நுண்சிலந்தி பரப்பும் ரோஸ் ரொசெட் வைரசிடம் அது தோற்றது. வைரசைத் தாங்கும் பெற்றோரை இப்போது அங்கே காட்டு ரோஜாக்களிடையே தேடிவருகிறார்கள்.