நீலகிரியில் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல்

நீலகிரி மாவட்டத்தில் காடு, புல்வெளி, தேயிலை, காய்கறி, அணை, குடியிருப்பு ஆகியவை எங்கே, எந்த அளவில் இருக்கலாம் என வரையறுக்கும் சட்டங்களும் திட்டங்களும் இத்தலைப்பில் அடங்கும். உயிரினங்களைக் காப்பதும், நீர், மின்சாரம், விளைச்சல், மண்காப்பு என மலை தரும் சூழலியல் சேவைகள் குன்றாமல் பார்த்துக்கொள்வதும் இதன் இரு நோக்கங்கள். வெப்பமண்டல மலைப்பகுதிகளில் இவ்விரண்டும் எங்கே இணங்குகின்றன, எங்கே மோதுகின்றன என்பதற்கு நீலகிரி தெளிவான சான்று.

இயற்கை அமைப்பு

மாவட்டத்தின் பரப்பு சுமார் 2,550 சதுர கிலோமீட்டர். மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். உயர்மட்டத்தில் மலைமடிப்புகளில் குட்டையான பசுமைமாறா மரங்கள் அடர்ந்த சோலைகளும், சரிவுகளில் புல்வெளிகளும், தாழ்விடங்களில் சதுப்புகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பருவமழை நீரை உள்வாங்கும் இந்த மண் அதைக் கோடையிலும் ஓடைகளுக்கு விடுகிறது. பைக்காரா நீர் மோயாறாகவும், குந்தா நீர் பவானியோடும் சென்று பவானிசாகரில் சேர்கின்றன. அங்கிருந்து கீழ்பவானிப் பாசனத்தில் 2.07 லட்சம் ஏக்கர் பயன்பெறுகிறது. மலையுச்சியில் எதை நடுவது என்ற முடிவு ஈரோட்டு வயல்வரை எட்டுகிறது.

நிலமாற்றம்

19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் விறகுத் தேவைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) கொண்டுவந்தனர். விடுதலைக்குப் பின் மரக்கூழுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் அவை புல்வெளிகளில் பெருமளவில் நடப்பட்டன. மரமில்லாத நிலம் பயனற்றது என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. இதனால் வரையாட்டின் மேய்ச்சல் நிலமும் தோடர் பழங்குடியினரின் எருமைகளின் மேய்ச்சல் நிலமும் சுருங்கின. தோடர் கோயில்களின் கூரை வேய்வதற்கான ஒருவகைச் சதுப்புப் புல்லும் அரிதாகிவிட்டது. சீகை நட்ட இடத்தோடு நிற்காமல் தானே பரவி, இன்று அகற்றவேண்டிய அயல்தாவரங்களில் ஒன்றாகியுள்ளது.

கிளென்மார்கன் ஆய்வு

இந்த நிலமாற்றத்தின் விலையை அளந்து காட்டியது உதகை மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் நடத்திய ஆய்வு. அருகருகே உள்ள, ஏறத்தாழ 32 ஹெக்டேர் கொண்ட இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒன்று இயற்கை நிலையில் விடப்பட்டது. மற்றொன்றின் 59 விழுக்காட்டுப் பரப்பில் 1972-இல் கற்பூர மரம் நடப்பட்டது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் தழைத்த இரண்டாம் சுழற்சியில் குறைவு இன்னும் கூடியது. நீர் மிகவும் தேவைப்படும் கோடையில் ஓடைகள் குறிப்பிடத்தக்க அளவில் மெலிந்தன. மரத்தைக் கணக்கில் வைத்து நீரை விட்டுவிடும் திட்டம் முழுமையாகாது என்பதை இந்த ஆய்வு நிறுவியது.

சட்ட ஏற்பாடுகள்

தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் (1949), மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டமும் (1955) மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்துகின்றன. 1986-இல் 5,520 சதுர கிலோமீட்டரில் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமான அது மூன்று மாநிலங்களில் விரிகிறது. நடுவில் கடும் பாதுகாப்பு, சுற்றிலும் வரம்புக்குட்பட்ட பயன்பாடு என்பது அதன் ஒழுங்கு. மலைக் கிராமங்களில் நில உபயோக மாற்றத்தையும் கட்டுமானத்தையும் ஆராய 1990-இல் ‘ஹாகா’ எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் ஏற்பட்டது. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தது, சரிவில் மண்ணை வெட்டுவதும் நீர்ப்போக்கை அடைப்பதும் எத்தனை ஆபத்தானவை என்பதை உணர்த்தியது.

முரண்களும் தீர்வுகளும்

சீகூர் பீடபூமி மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் யானை வழித்தடம். அதை அரசு 2010-இல் அறிவித்தது. சொகுசு விடுதி உரிமையாளர்களின் எதிர்ப்பைத் தாண்டி உச்ச நீதிமன்றம் 2020-இல் அந்த அறிவிப்பை உறுதிசெய்தது.

தேயிலையின் நிலை இன்னும் சிக்கலானது. 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்பாட்டின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களின் மறுவாழ்வுக்காக வனநிலத்தில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றை நடத்தும் கழகத்தின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பித் தர அரசு 2022-இல் முடிவெடுத்தது. காட்டை மீட்பது தேவையானதே. ஆனால் அதே மண்ணில் பச்சைத் தேயிலை பறித்து வாழ்ந்தவர்களுக்கு வீடும் வேலையும் உறுதியாகும்போதுதான் அந்த மீட்பு நியாயமாகும். கூடலூரில் ஜென்ம நிலங்கள் எனப்படும் பழைய பரம்பரை நிலவுடைமை நிலங்களின் உரிமை தீராதிருப்பதும் திட்டமிடலுக்குத் தடை.

மதிப்பீடு

நீலகிரியில் சட்டங்களுக்குக் குறைவில்லை. வனம், வேளாண்மை, மின்சாரம், நகரமைப்பு எனத் துறைவாரியாக அவை பிரிந்து கிடப்பதே குறை. ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்பு முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ள வேண்டும். புல்வெளியையும் சதுப்பையும் காட்டுக்கு நிகராக மதித்து, செங்குத்துச் சரிவில் தேயிலை, காய்கறி, கட்டடம் ஆகியவற்றுக்கு எல்லை குறிக்க வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், படகர், தோட்டத் தொழிலாளர் ஆகியோர் அந்த எல்லையை முடிவுசெய்யும் இடத்தில் இருக்க வேண்டும். பாதுகாப்பின் சுமை ஏழைகள் தலையிலும் பயன் சமவெளியிலும் மட்டும் விழுமானால், எந்த வரைபடமும் நிலைக்காது.