மணமகள் என்றால் யார்? மதுரையில் விரிந்த ஒரு சொல்

மதுரை என்றதும் நினைவுக்கு வருபவை பல. மீனாட்சி அம்மன் கோயில், மல்லிகைப்பூ, ஜிகர்தண்டா... கூடவே, ஒற்றைச் சிலம்போடு வந்து பாண்டியனிடம் நீதி கேட்ட கண்ணகி. இன்றைக்கும் தென் மாவட்டத்துக்காரர்கள் நீதி கேட்டு வருவது மதுரைக்குத்தான். 2004 ஜூலை 24 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. அன்று முதல் கன்னியாகுமரியிலிருந்து திருச்சி வரை 13 மாவட்டங்களின் வழக்குகள் மேலூர் சாலையில் உள்ள அந்தக் கட்டடத்துக்கு வர ஆரம்பித்தன.

2019 இல் அங்கே ஒரு வித்தியாசமான கேள்வி வந்தது. மணமகள் என்றால் யார்?

‘இதற்கெல்லாமா கோர்ட்டுக்குப் போவார்கள்?’ என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதற்குக் கிடைத்த பதில் இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஒரு நாள் மணமகள்

ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்கள் தமிழுக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களைக் குறிக்கும் சொற்கள் எப்படி முடிய வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே இலக்கணம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் பேடியாடலும் ஒன்று.

சித்திரைப் பௌர்ணமியில் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். அதே சமயத்தில்தான் உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவும் நடக்கிறது. அங்கே திருநங்கைகள் அரவானை நினைத்துத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலியை அறுத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஊர் திரும்புகிறார்கள். ஒரு நாள் மணமகளாக இருக்க அங்கே யாரும் தடை சொல்வதில்லை. வருடம் முழுவதும் மனைவியாக வாழ நினைத்தால்தான் சிக்கல்!

வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டமோ இவர்களைக் குற்றவாளிகளாகவே பார்த்தது. 1860 இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ உறவுக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்றது. இங்கிலாந்து 1967 இல் ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்க ஆரம்பித்துவிட்டது. அவர்கள் விட்டுப்போன சட்டம் மட்டும் இங்கே அப்படியே இருந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2009 இல் அதைத் தளர்த்தியது. உச்ச நீதிமன்றம் 2013 இல் திரும்பக் கொண்டுவந்தது. கடைசியில் 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் விருப்பத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை.

கவுண்டரில் நடந்த போராட்டம்

குற்றவாளி இல்லை என்று சொல்வது ஒன்று. உரிமை உண்டு என்று சொல்வது வேறு. உரிமை என்பது பெரும்பாலும் அரசு அலுவலகக் கவுண்டரில்தான் தெரியும். விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிறார்களா, திருப்பிக் கொடுக்கிறார்களா என்பதுதான் விஷயம்.

இதில் தமிழ்நாடு சில படிகளை முன்னாலேயே ஏறியது. ‘அரவாணி’ என்ற பெயருக்குப் பதிலாக ‘திருநங்கை’ என்ற சொல் கலைஞர் ஆட்சியில் அரசு வழக்குக்கு வந்தது. 2008 ஏப்ரல் 15 அன்று நாட்டிலேயே முதல்முறையாகத் திருநங்கைகள் நல வாரியம் அமைக்கப்பட்டது. சரியாக ஆறு வருடம் கழித்து, 2014 இல் அதே ஏப்ரல் 15 அன்று, தன் பாலினம் என்ன என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நால்சா தீர்ப்பு என்று அழைக்கப்படுவது இதுதான்.

அது வந்த இரண்டாம் நாளே சென்னை உயர் நீதிமன்றத்தில் அதற்கு வேலை வந்துவிட்டது. கரூர் மாவட்டத்தில் பெண் காவலராக வேலைக்குச் சேர்ந்த ஒருவரை, மருத்துவப் பரிசோதனை அறிக்கையைக் காட்டி ‘நீ பெண் இல்லை’ என்று வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து பெண்ணாக வளர்ந்து, பெண்ணாகவே வாழ்பவர் அவர். நீதிபதி எஸ். நாகமுத்து அந்த நீக்கத்தை ரத்து செய்தார். நங்கை வழக்கு என்று பெயர் பெற்ற இதற்கு அடுத்த வருடம், 2015 நவம்பரில், பிரித்திகா யாஷினியை சப்-இன்ஸ்பெக்டர் பணிக்குப் பரிசீலிக்க வேண்டும் என்று அதே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மதுரை நகரமும் சும்மா இருக்கவில்லை. கோபி ஷங்கரும் நண்பர்களும் தொடங்கிய ‘சிருஷ்டி மதுரை’ அமைப்பு, கணினி மேதை ஆலன் டூரிங்கின் நூற்றாண்டை ஒட்டி 2012 ஜூலையில் இங்கே வானவில் பேரணி நடத்தியது. தன்பாலுறவுக்காக 1952 இல் பிரிட்டிஷ் கோர்ட் தண்டித்தது அதே டூரிங்கைத்தான்.

தூத்துக்குடியிலிருந்து வந்த வழக்கு

இனி அந்தத் திருமணத்துக்கு வருவோம். 2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஓர் இளைஞருக்கும் ஒரு திருநங்கைக்கும் கல்யாணம் நடந்தது. பதிவு செய்யப் போனார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் முடியாது என்றார்கள். மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்தார்கள். அவரும் டிசம்பரில் அதையே சொன்னார். அடுத்த இடம், மதுரைக் கிளை.

அரசுத் தரப்பு வாதம் எளிமையானது. 1955 ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 5 ஆவது பிரிவு ‘மணமகன்’, ‘மணமகள்’ என்று பேசுகிறது. மணமகள் என்றால் திருமண நாளில் இருக்கும் பெண் என்று ஆங்கில அகராதியில் போட்டிருக்கிறது. திருநங்கை பெண் அல்ல. ஆகவே பதிவு கிடையாது!

2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்புக் கூறினார். சட்டத்தில் எழுதியிருக்கும் சொல் கல்லில் செதுக்கியது அல்ல, இன்றைய வாழ்க்கையை வைத்துத்தான் அதற்குப் பொருள் காண வேண்டும் என்றார். தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழும் திருநங்கையும், இடைபாலினத்தவராகப் பிறந்து தன்னைப் பெண்ணாக அடையாளம் காண்பவரும் ‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் அடங்குவார்கள் என்று சொல்லி, திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டார். இதுவே ‘அருண்குமார் எதிர் பதிவுத்துறைத் தலைவர்’ என்ற வழக்கு. சட்டத்தில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ஒரு சொல்லின் பொருள்தான் விரிந்தது.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு உத்தரவும் இருந்தது. சில குழந்தைகள் பிறக்கும்போது ஆணா பெண்ணா என்று உடலை வைத்துச் சொல்ல முடியாது. பெற்றோரின் பதற்றத்தில், அந்தக் குழந்தைக்குப் பேச்சு வரும் முன்பே ஆபரேஷன் செய்து ஏதோ ஒரு பக்கம் ‘சரிசெய்து’ விடுவார்கள். வளர்ந்த பிறகு தான் யார் என்று சொல்லும் வாய்ப்பு அந்தக் குழந்தைக்குப் போய்விடும். கோபி ஷங்கர் போன்றவர்கள் பல வருடமாக எதிர்த்துவந்தது இதைத்தான். இத்தகைய அறுவை சிகிச்சைகளைத் தடை செய்யும்படி நீதிபதி அரசுக்கு உத்தரவிட்டார். 2019 ஆகஸ்ட் 13 அன்று அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. உலகில் முதலில் இதைத் தடை செய்த நாடு மால்டா, 2015 இல். இந்தியாவில் முதல் மாநிலம் தமிழ்நாடு.

மதுரையிலிருந்து போன வழக்கு

தூத்துக்குடி ஜோடி மதுரைக்கு வந்து நீதி பெற்றது. மதுரையைச் சேர்ந்த இன்னொரு ஜோடி, மதுரையை விட்டே ஓட வேண்டியிருந்தது. இருவரும் இளம்பெண்கள். வீட்டில் எதிர்ப்பு வலுத்ததும் சென்னைக்குப் போய்த் தன்னார்வ அமைப்புகளிடம் அடைக்கலம் தேடினார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேடிப் போனது. ‘எங்களை விட்டுவிடச் சொல்லுங்கள்’ என்பதுதான் அந்தப் பெண்கள் கோர்ட்டில் கேட்டது.

வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவுகள் முக்கியமானவை. காணாமல் போனவர்கள் வயது வந்தவர்கள், விருப்பத்தோடுதான் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தால், அவர்களைத் தொந்தரவு செய்யாமல் போலீஸ் புகாரை முடிக்க வேண்டும். ‘மாற்று சிகிச்சை’ என்ற பெயரில் பாலீர்ப்பை மாற்ற முயல்வது தடை. இதைத் தொடர்ந்து 2022 பிப்ரவரியில் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற புது விதி சேர்ந்தது. இப்படிப்பட்டவர்களைப் போலீசார் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. அதே வருடம் மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றையும் அரசு வெளியிட்டது.

ஆனால் அந்த இரண்டு பெண்களும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால்? அங்கே ‘மணமகள்’ என்ற சொல்லை விரித்துப் பயனில்லை, ஏனென்றால் சட்டம் மணமகன் ஒருவரையும் கேட்கிறது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் திருமணத்தைத் தன்னால் அங்கீகரிக்க முடியாது, அது சட்டமன்றங்களின் வேலை என்று சொல்லிவிட்டது. (திருநங்கை ஓர் ஆணை மணப்பதும், திருநம்பி ஒரு பெண்ணை மணப்பதும் இருக்கும் சட்டப்படியே செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.) 2025 மே மாதம், வீட்டார் அடைத்து வைத்திருந்த ஒரு பெண்ணை மீட்ட வழக்கில், திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி அல்ல, தானே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது சென்னை உயர் நீதிமன்றம். அந்த அமர்விலும் இருந்தவர் 2019 இல் தீர்ப்பு எழுதிய அதே ஜி.ஆர். சுவாமிநாதன்தான்.

முன்னால் நடந்த ஒன்று

‘சட்டமன்றம் திருமணச் சட்டத்தில் எல்லாம் கை வைக்குமா?’ என்று சந்தேகம் வரலாம். தமிழ்நாட்டில் ஏற்கனவே வைத்திருக்கிறது. ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1950களில் இதே சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆயிரக்கணக்கான தம்பதிகளின் கல்யாணமும், பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குள்ளாயின. 1967 இல் அண்ணாவின் அரசு இந்து திருமணச் சட்டத்திலேயே 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மாலை மாற்றினால் போதும், மோதிரம் மாற்றினால் போதும், அது திருமணம். அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று பின்தேதியிட்டு ஏற்றுக்கொண்டது.

திருமணம் மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும்தான். ஆனால் கதவு பூட்டியில்லை.

கோர்ட் கொடுக்கும் நீதி பெரும்பாலும் வழக்குப் போட்டவரிடமிருந்து தொடங்குகிறது. தூத்துக்குடி ஜோடிக்கு வக்கீல் கிடைத்தார், தைரியம் இருந்தது, ஆறு மாதத்தில் சான்றிதழுக்கு வழி பிறந்தது. வழக்குப் போட வசதி இல்லாதவர்கள் எத்தனை பேர், வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். 1967 இல் சுயமரியாதைத் தம்பதிகள் ஒவ்வொருவராக மதுரைக்கோ சென்னைக்கோ வழக்குப் போடப் போகவில்லை. சட்டமே அவர்கள் வீட்டுக்கு வந்தது.