முதல் வணக்கம் யாருக்கு?

திருத்தணி மலைக்கோயிலுக்கு ஏறிச் செல்லும் படிகள் 365. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள் அவ்வூரார். டிசம்பர் 31ஆம் நாள் இரவில் படிதோறும் திருப்புகழ் பாடி மலையேறும் விழாவை 1917இல் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளை அதிகாரிகளின் வாயிலில் மாலையும் கனியுமாகக் காத்து நிற்பது அந்நாளைய வழக்கம். அந்த முதல் வணக்கம் துரைமாருக்கு உரியதன்று, இறைவனுக்கே உரியது என்பது சுவாமிகளின் கருத்து. அவர் சமயம் வேறு, நம் சமயம் வேறு. எனினும், முதல் வணக்கம் யாருக்கு என்னும் வினா அதிகாரத்தின் அருகில் நிற்போர் அனைவருக்கும் பொதுவானது.

அதே திருத்தணியில் 1888இல் பிறந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில், தம் பெயரால் நடைபெற்ற அரசின் திறமையின்மையையும் வளங்களின் வீணடிப்பையும் அவர் வெளிப்படையாகவே கண்டித்தார். பதவியில் இருந்துகொண்டே பேசிய குரல் அது. 1975 ஏப்ரல் 17 அன்று அவர் மறைந்தார். எழுபது நாள்கள் நிறைவதற்குள், ஜூன் 25ஆம் நாள் நள்ளிரவை நெருங்கிய வேளையில், நாட்டில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அமைச்சரவைக்குச் செய்தி தெரிவிக்கப்பட்டது மறுநாள் காலையில்தான். அங்கு எழுந்து எதிர்த்தவர் ஒருவருமில்லை.

பிரதமர் இந்திரா காந்திக்குத் துணை நின்றவர்களுள் மூவரை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

முதலாமவர் மோகன் தாரியா. மத்திய இணையமைச்சராக இருந்த அவர், ஜெயப்பிரகாஷ் நாராயணனுடன் அரசு பேச்சு நடத்த வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறினார். 1975 மார்ச்சில் பதவி பறிபோயிற்று. அவசர நிலை வந்தபின் ஜூலையில் மக்களவையிலேயே அதை எதிர்த்துப் பேசினார். பின்னர்ச் சிறையும் புகுந்தார்.

இரண்டாமவர் பி. என். ஹக்சர். 1967 முதல் 1973 வரை பிரதமருக்கு வலக்கரமாய் விளங்கிய பேரறிஞர். பிரதமரின் மகன் சஞ்சயின் கார்த் தொழில் முயற்சியை அவர் விரும்பாததே இடைவெளிக்கு ஒரு காரணம் என்பர். அவசர நிலையின்போது தில்லியில் அவர் குடும்பத்தாரின் கடை சோதனையிடப்பட்டது. முதிய உறவினர்கள் கைது செய்யப்பட்டனர். அப்போதும் அவர் திட்டக் குழுத் துணைத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகவில்லை. வாய் திறந்து பேசவுமில்லை.

மூன்றாமவர் ஜகஜீவன் ராம். 1946இன் இடைக்கால அரசிலேயே அமைச்சராக இடம்பெற்றவர். ஒடுக்கப்பட்ட மக்களின் பெருந்தலைவர். அவசர நிலைக்கு மக்களவையின் ஒப்புதல் கோரும் தீர்மானத்தை 1975 ஜூலையில் முன்மொழிந்தவரும் அவரே. தேர்தல் அறிவிக்கப்பட்டபின், 1977 பிப்ரவரி 2 அன்று, பகுகுணா, நந்தினி சத்பதி ஆகியோருடன் காங்கிரசை விட்டு விலகினார். கட்சிக்குள் மக்களாட்சி மறைந்துவிட்டது என்றும், அவசர நிலையை அறவே நீக்க வேண்டும் என்றும் அறிவித்தார். அந்நாள்வரை வாய்மூடியிருந்த பலருக்கு அச்சம் தெளிந்தது. மார்ச் மாதத் தேர்தலில் ஆளுங்கட்சி 154 இடங்களோடு வீழ்ந்தது. பிரதமரே ரேபரேலியில் தோற்றார்.

தாமதமாக வந்த இச்சான்றை நாம் எவ்வாறு மதிப்பது? காற்று திசை மாறியபின் படகு மாறியவர் என்று அன்றே பலர் ஏசினர். அக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. இடைப்பட்ட பத்தொன்பது மாதங்களில் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டோர் ஒரு லட்சத்துக்கும் மேல். ஷா ஆணையத்தின் கணக்கு 1,10,806. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் எண்பது லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் வற்புறுத்தலுக்கு ஆளான ஏழைகள் ஏராளம். உள்ளிருந்தோரின் மௌனத்துக்கு விலை கொடுத்தவர்கள் வெளியே இருந்த எளியவர்களே.

ஆயினும் திராட்சைத் தோட்ட உவமையில், மாலை ஐந்து மணிக்கு வந்த வேலையாளையும் நிலக்கிழார் வெறுங்கையோடு அனுப்பவில்லை. கடைசி நேரச் சான்றுக்கும் கூலி உண்டு. அதனால் பலர் விடுதலை பெற்றனர். ஆனால் பகல் முழுதும் வெயிலைத் தாங்கியவர்களை மறந்துவிட்டு, மாலையில் வந்தவரை மட்டும் வீரர் என்று போற்றுவது வரலாற்றுக்கு நீதியாகாது. பிந்தி வந்தவரும் முதலில் கூறவேண்டிய சொல் ஒன்றுண்டு: "இத்தீமைக்கு நானும் கைகொடுத்தேன்." அச்சொல் இல்லாத கண்டனம் முழுமையான சான்றாகாது.

தாவீது அரசர் தவறியபோது, பகைவரல்ல, அரசரை நன்கறிந்த இறைவாக்கினர் நாத்தானே அவர் முன் சென்று நின்றார். அரசரை வீழ்த்துவதற்காகவன்று, மீட்பதற்காகவே சென்றார். ஆதலால் உடனிருந்து கடிந்துரைப்பது துரோகமன்று, அன்பின் கடமை. சங்கத்திலும் நிறுவனத்திலும் பங்கிலும் இல்லத்திலும் நாமும் யாரேனும் ஒரு தலைவருக்கு அருகில் நிற்கிறோம். அவர் முகம் சுளிப்பாரே என்று நாம் விழுங்கிவிட்ட சொற்கள் எத்தனை? அவற்றுக்காக விலை கொடுத்தவர் யார்? திருத்தணியின் படிகளைப் போல் நமக்கும் ஆண்டுக்கு 365 நாள்கள் உண்டு. அவற்றுள் எந்நாளிலும் முதல் வணக்கம் உண்மையின் இறைவனுக்கே ஆகுக.