எரிபற்றுத் தவறல்

எரிபற்றுத் தவறல் என்பது, உள் எரி பொறியின் உருளை ஒன்றில் அழுத்தப்பட்ட காற்று-எரிபொருள் கலவை உரிய வேளையில் பற்றாமலோ, பற்றியும் முழுமையாக எரியாமலோ போகும் நிலையாகும். பட்டறைகளில் இது மிஸ்ஃபயர் என்றும், பேச்சு வழக்கில் மிஸ்ஸிங் என்றும் குறிப்பிடப்படுகின்றது. முடுக்கும்போது தயங்குதல், ஓட்டத்தின்போது குலுங்குதல், ஐடிலிங் எனப்படும் வெற்றோட்டத்தில் சீரின்றி அதிர்தல் ஆகியன இதன் முக்கிய வெளிப்பாடுகள். வேறுபட்ட பல பழுதுகள் ஒரே அறிகுறியைத் தோற்றுவிக்கக்கூடும். ஆகவே உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதை விட, சோதனைகள் மூலம் காரணத்தைத் தனிமைப்படுத்துவதே சரியான பழுதறி முறையாகும். இக்கட்டுரை, எரிபொருள் உட்செலுத்தல் அமைப்புக் கொண்ட நான்கு உருளைப் பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது.

அடிப்படை

நான்கு வீச்சுப் பொறியில், கிராங்க் தண்டின் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை ஒவ்வோர் உருளையிலும் எரிதல் நிகழ்கின்றது. வெற்றோட்டத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றுகள் சுழல்வதாகக் கொண்டால், ஓர் உருளையில் நிமிடத்துக்கு 400 முறையும், நான்கு உருளைகளிலும் சேர்த்து 1600 முறையும் எரிதல் நிகழ வேண்டும். ஓர் உருளை செயலிழந்தால் இவற்றில் கால் பங்கு இல்லாமற் போகும். வேகமாகச் சுழலும்போது சமனாழியின் சடத்துவம் இக்குறையை ஓரளவு மறைத்துவிடும். வெற்றோட்டத்தில் அது வெளிப்படையான அதிர்வாகத் தெரியும்.

எரிதல் நிகழ மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும்:

* சரியான விகிதத்தில் கலவை. பெட்ரோல் முழுமையாக எரிய, நிறையளவில் 1 பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை.
* உரிய நேரத்தில், போதிய வலிமையுடன் தீப்பொறி.
* உருளைக்குள் போதிய அழுத்தம்.

எரிபற்றுத் தவறலுக்கான காரணம் எதுவாயினும், அது இம்மூன்றில் ஒன்றைப் பாதிப்பதாகவே இருக்கும்.

அறிகுறிகளும் அவை சுட்டுவனவும்

* ஒழுங்கான இடைவெளியில் தொடர்ந்து தவறுதல்: பெரும்பாலும் ஒரே உருளையின் பழுது. அவ்வுருளையின் பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம்.
* ஒழுங்கின்றி எல்லா உருளைகளிலும் தவறுதல்: காற்றுக் கசிவு, குறைந்த எரிபொருள் அழுத்தம், உணரிப் பழுது போன்ற பொதுக் காரணங்கள்.
* வெற்றோட்டத்தில் மட்டும் அதிர்ந்து, வேகம் கூடியதும் சீராதல்: உள்ளெடுப்புக் குழாயில் காற்றுக் கசிவு, திறந்த நிலையில் சிக்கிக்கொண்ட கழிவு வளிம மீள்சுற்று வால்வு, அழுக்கேறிய திராட்டில் பகுதி.
* ஏற்றத்திலும் முடுக்கத்திலும் மட்டும் தயங்குதல்: அடைபட்ட எரிபொருள் வடிகட்டி, வலுவிழந்த பம்பு, காற்றோட்ட உணரியில் அழுக்கு, வலுவற்ற தீப்பொறி. சுமை ஏறும்போது உருளையின் அழுத்தம் உயர்வதால், தீப்பொறி தாவுவதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படுகின்றது.
* ஈரமான காலநிலையில் மட்டும் தோன்றுதல்: உயர் மின்னழுத்தக் கம்பிகளின் அல்லது காயிலின் மின்காப்பில் வெடிப்பு.

கண்டறியும் முறைகள்

பழுதுக் குறியீடுகளை வாசித்தல்

தற்காலக் கார்களின் கட்டுப்பாட்டுக் கணினி, கிராங்க் தண்டு உணரியின் உதவியுடன் சுழற்சி வேகத்தில் ஏற்படும் நுண்ணிய வீழ்ச்சிகளை அளந்து, எவ்வுருளையில் எரிதல் தவறியது எனக் கணிக்கின்றது. பி0301 முதல் பி0304 வரையான குறியீடுகள் முறையே 1 முதல் 4 வரையான உருளைகளைச் சுட்டும். பி0300 என்பது பல உருளைகளில் ஒழுங்கின்றி நிகழும் தவறலைக் குறிக்கும். குறியீடு பழுதான இடத்தைக் காட்டுமேயன்றிப் பழுதான உறுப்பைக் காட்டாது.

இடமாற்றுச் சோதனை

பி0302 பதிவாகியிருப்பின், எஞ்சினை நிறுத்தி, 2 ஆம் உருளையின் காயிலையும் 3 ஆம் உருளையின் காயிலையும் தம்முள் மாற்றிப் பொருத்தி, குறியீட்டை அழித்துவிட்டு மீண்டும் இயக்க வேண்டும். இப்போது பி0303 பதிவானால் பழுது காயிலில் உள்ளது. பி0302 மீண்டும் பதிவானால் காயில் குற்றமற்றது. பிளக்குகளையும் இவ்வாறே சோதிக்கலாம். செலவின்றிச் செய்யக்கூடிய இச்சோதனை, தேவையற்ற உறுப்பு மாற்றங்களைத் தவிர்க்கின்றது. சில எஞ்சின்களில் 1, 4 ஆகிய உருளைகளுக்கு ஒரு காயிலும், 2, 3 ஆகிய உருளைகளுக்கு மற்றொரு காயிலும் அமைந்திருக்கும். அத்தகையவற்றில் ஒரு சோடி உருளைகள் சேர்ந்து தவறினால் பொதுவான காயிலை முதலில் ஐயுற வேண்டும்.

பிளக்கின் தோற்றம்

கழற்றிய பிளக்கின் முனை வெளிர் பழுப்பு நிறமாக இருப்பது இயல்பு. உலர்ந்த கரிப்படிவு எரிபொருள் மிகையையும், எண்ணெய்ப் பிசுக்கு எண்ணெய்க் கசிவையும், வெண்மையான கொப்புளங்கள் மிகை வெப்பத்தையும் காட்டும். பெட்ரோலில் நனைந்திருப்பின், எரிபொருள் வந்தும் அது எரியவில்லை என்பது பொருள்.

எரிபொருள் திருத்த அளவு

கணினி, ஒட்சிசன் உணரியின் அளவீட்டுக்கேற்ப எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் வருகின்றது. இத்திருத்தம் ±10 விழுக்காட்டுக்குள் இருப்பது பொதுவாக இயல்பெனக் கொள்ளப்படுகின்றது. வெற்றோட்டத்தில் மிக உயர்ந்திருந்து, 2500 சுற்றுகளில் இயல்புக்குத் திரும்பினால் காற்றுக் கசிவை ஐயுறலாம். கசியும் காற்று, வெற்றோட்டத்தின் சிறிய காற்றளவில் பெரும்பங்காகவும், உயர்வேகத்தின் பெரிய அளவில் சிறு பங்காகவும் இருப்பதே இதற்குக் காரணம். மாறாக, சுமை கூடக்கூடத் திருத்தமும் உயர்ந்தால் எரிபொருள் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும்.

இங்கு ஒரு தவறான முடிவுக்கு வாய்ப்புண்டு. தீப்பொறி தவறிய உருளையிலிருந்து எரியாத எரிபொருளுடன் பயன்படாத ஒட்சிசனும் வெளியேறுகின்றது. உணரி அறிவது ஒட்சிசனை மட்டுமே. எனவே எரிபொருள் குறைவெனத் தவறாகக் கொண்டு கணினி மேலும் எரிபொருளைச் செலுத்தக்கூடும். இதனால் தீப்பொறிப் பழுது எரிபொருட் பழுதாகத் தோற்றமளிக்கும்.

அழுத்தச் சோதனை

மேற்கண்டவற்றால் காரணம் புலப்படாதபோது, தீப்பொறியையும் எரிபொருளையும் துண்டித்து, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, திராட்டிலை முழுதும் திறந்து, ஸ்டார்ட்டர் மோட்டாரால் எஞ்சினைச் சுழற்றி ஒவ்வோர் உருளையின் அழுத்தமும் அளக்கப்படுகின்றது. மிகக் குறைந்த அளவு, மிகக் கூடியதில் 75 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. குறைவான உருளையில் சிறிதளவு எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன எனலாம். உயராவிடின் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் காரணமாகலாம். அடுத்தடுத்த இரு உருளைகளில் அழுத்தம் ஒருங்கே குறைந்திருப்பது, அவற்றுக்கிடையே கேஸ்கெட் பழுதடைந்துள்ளது என்பதற்கான வலுவான அடையாளமாகும்.

விளைவுகள்

எரியாத பெட்ரோல் வெளியேற்றுக் குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியை அடைந்து அங்கே எரிகின்றது. அவ்வெப்பத்தால் மாற்றியின் பீங்கான் கட்டமைப்பு உருகி அடைபடக்கூடும். அடைபட்ட மாற்றி வெளியேறும் வளிமத்தைத் தடுப்பதால் எஞ்சினின் வலு மேலும் குறையும். ஒரு பிளக்கின் மலிவான பழுது, கவனிக்காமல் விடப்பட்டால் மிக விலையுயர்ந்த உறுப்பொன்றை அழித்துவிடுவது இவ்வாறே. மாற்றியைச் சிதைக்கும் அளவுக்குத் தவறல் நிகழும்போது எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு ஒளிரும். அப்போது வேகத்தையும் சுமையையும் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துவது நன்று. வளி மாசடைதலும் எரிபொருள் விரயமும் பிற விளைவுகள்.

வரலாறு

கார்புரேட்டர் பொருத்திய பழைய கார்களில் எந்த உருளை தவறுகின்றது என்பதை ஓட்டுநரின் செவியும் மெக்கானிக்கின் அனுபவமுமே கண்டறிந்தன. எரிதல் தவறுவதைக் கணினியே கண்காணிக்கும் இரண்டாம் தலைமுறைத் தன்னறி அமைப்பு ஐக்கிய அமெரிக்காவில் 1996 மாதிரி ஆண்டுக் கார்கள் முதல் கட்டாயமாக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001 இலும், இந்தியாவில் 2013 இலும் இத்தகைய அமைப்பு கட்டாயமானது.

பாதுகாப்பு

வெளியேறும் புகையில் நச்சுத்தன்மை கொண்ட கார்பனோரொட்சைட்டு உள்ளதால், மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை இயக்கிச் சோதிக்கக்கூடாது. ஓடும் எஞ்சினில் பிளக் கம்பியையோ காயிலையோ கையால் இழுப்பது பல்லாயிரம் வோல்ட்டு மின்னதிர்ச்சியை ஏற்படுத்தலாம். மேலும் அது எரியாத பெட்ரோலை மாற்றிக்கு அனுப்பும். எரிபொருள் குழாயைக் கழற்றுமுன் அதிலுள்ள அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* தீப்பொறிச் செருகி
* எரிபொருள் உட்செலுத்தல்
* வினையூக்கி மாற்றி