ஏழு ஆண்டுகளின் சராசரி: பயிர்க் காப்பீடும் மாறிவரும் பருவமும்

வறட்சியால் விளையும் இழப்பை அளப்பது எப்படி? இந்தியப் பயிர்க் காப்பீட்டின் வரலாறு இக்கேள்விக்கான விடைகளின் வரலாறே ஆகும்.

மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஜே. எஸ். சக்ரவர்த்தி 1920இல் வெளியிட்ட நூலில் ஒரு விடையை முன்வைத்தார். வயல்தோறும் சென்று சேதத்தை மதிப்பிட வேண்டியதில்லை. மழையளவு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே குறைந்தால், அப்பகுதியில் காப்பீடு செய்தோர் அனைவருக்கும் இழப்பீடு வழங்கலாம் என்பதே அது.

விடுதலைக்குப் பின் அரசு வேறு வழியில் சென்றது. 1972இல் குஜராத்தின் எச்-4 பருத்தியில் தொடங்கிய சோதனைத் திட்டம் தனித்தனி வயல்களையே மதிப்பிட்டது. 1978இல் அது முடிந்தபோது, 3,110 உழவர்களிடமிருந்து திரட்டிய பிரீமியம் 4.54 லட்சம் ரூபாய்; இழப்பீட்டுக் கோரிக்கைகளோ 37.88 லட்சம். பொருளியலறிஞர் வி. எம். தாண்டேகர் பரிந்துரைத்த வட்டார முறை 1979இல் முன்னோட்டமாக நடைமுறைக்கு வந்தது; 1985இல் பயிர்க்கடனோடு இணைந்தது. 2002 டிசம்பரில் புதுடெல்லியைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய வேளாண் காப்பீட்டு நிறுவனம் உருவாயிற்று. மழையளவையே சான்றாகக் கொள்ளும் முறை 2003இல் மகபூப்நகரில் சோதிக்கப்பட்டது. 2007இல் அரசுத் திட்டமாயிற்று.

2016இல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டமும் பெரும்பாலும் வட்டார முறையையே பின்பற்றுகிறது. உணவுப் பயிர்களுக்கு உழவர் செலுத்துவது காரிஃபில் 2, ராபியில் 1.5 விழுக்காடு, எஞ்சியதை அரசுகள் ஏற்கின்றன. அதன் முதல் ஆண்டிலேயே வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 மார்ச்சில் தமிழக உழவர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளுடன் அமர்ந்து, கடன் தள்ளுபடியும் வறட்சி நிவாரணமும் கோரினர். காப்பீடு மட்டும் போதாது என்பதைத் தலைநகர் கண்ணெதிரே கண்டது.

ஆழமான சிக்கல் கணக்கில் உள்ளது. கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியைக் கொண்டே உத்தரவாத மகசூல் கணக்கிடப்படுகிறது. இரண்டு பஞ்ச ஆண்டுகள் வந்தால் அவை விலக்கப்படும். மூன்றாவதும் வந்தால், அது சராசரிக்குள் நுழைந்து உத்தரவாதத்தையே தாழ்த்திவிடும். அதாவது, வறட்சி அடுத்தடுத்து வரும் வட்டாரத்தில்தான் காப்பு சுருங்குகிறது. இடர் கூடக்கூடப் பிரீமியமும் உயர்கிறது. அச்சுமையைக் காரணம் காட்டி 2020இல் குஜராத் திட்டத்திலிருந்து விலகியது.

பஞ்சம் விதிவிலக்கு என்ற நம்பிக்கையின் மேல் எழுப்பப்பட்டது இக்கணக்கு. காலநிலை மாற்றம் அவ்விதிவிலக்கை வழக்கமாக்கி வருகிறது. கடந்தகாலச் சராசரி வருங்காலத்துக்கு அளவுகோலாக முடியாதபோது, இழப்பின் சுமையை யார் ஏற்பது என்பதே இனி டெல்லி விடை காண வேண்டிய கேள்வி.