கேமராவுக்கு முன்னால் ஒரு கேள்வி

1942இல் வாஷிங்டன் நகருக்கு வந்து சேர்ந்தார் கார்டன் பார்க்ஸ். கான்சஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பர், வயது 29. அமெரிக்க அரசின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் புகைப்படப் பிரிவில் தொழில் பழக அவருக்கு ஓர் உதவித்தொகை கிடைத்திருந்தது. பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் அவருக்குக் கொடுத்த முதல் வேலைக்குக் கேமரா தேவைப்படவில்லை. கேமராவை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு ஊருக்குள் போகச் சொன்னார். கடையில் ஒரு கோட்டு வாங்கு, உணவகத்தில் சாப்பிடு, சினிமா பார்த்துவிட்டு வா என்றார்.

கோட்டும் கிடைக்கவில்லை, சாப்பாடும் கிடைக்கவில்லை, சினிமாவும் பார்க்க முடியவில்லை. தோலின் நிறத்தைக் காட்டி எல்லா இடத்திலும் அவரை அவமதித்து அனுப்பினார்கள். கொதித்துப்போய்த் திரும்பிய பார்க்ஸ், இந்த ஊரின் இனவெறியை இப்போதே படமெடுக்க வேண்டும் என்றார். கடைக்காரனின் முகத்தைப் படமெடுத்துக் கீழே 'இவன் வெறியன்' என்று எழுதினால் ஆயிற்றா என்று கேட்டார் ஸ்ட்ரைக்கர். அதே கட்டடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காட்டி, முதலில் அவரிடம் போய்ப் பேசு என்றார்.

அந்தப் பெண் எல்லா வாட்சன். ஆண்டுக்கு 1,080 டாலர் சம்பளத்தில் ஆறு பேர் கொண்ட குடும்பத்தைக் காப்பாற்றிவந்தவர். பார்க்ஸ் அவருடைய கதையைக் கேட்டார். பிறகு அமெரிக்கக் கொடிக்கு முன்னால் அவரை நிறுத்தினார், ஒரு பக்கம் துடைப்பம், மறுபக்கம் தரை துடைக்கும் மாப்பு. உலகம் அறிந்தது அந்த ஒரு படத்தைத்தான். ஆனால் அதன் பிறகும் பல வாரங்கள் பார்க்ஸ் வாட்சனின் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் தெருவுக்கும் போய்க்கொண்டே இருந்தார். பேரப்பிள்ளைகளோடு சாப்பிடும் வாட்சன், கண்ணாடி வைத்த மேசை, அதன்மேல் சாமி உருவங்கள் என்று அந்த வரிசை நீண்டது. கொடிப் படத்தைவிட அந்த வரிசையே பெரிய சாதனை என்று சொல்லத் தோன்றுகிறது. கோபத்தோடு புறப்பட்ட ஒருவர் ஒரு மனுஷியின் அன்றாடத்துக்குள் போய்ச் சேர்ந்ததற்கான தடயம் அதில்தான் இருக்கிறது.

எதைப் படமெடுப்பது என்று சொல்லி ஆளை அனுப்புவது ஸ்ட்ரைக்கரின் வழக்கம். அவர் புகைப்படக்காரர் அல்லர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்தவர். 1935இல், பெரும் பொருளாதார வீழ்ச்சியில் நொறுங்கிக்கிடந்த கிராமங்களுக்கு அரசு செய்யும் உதவியைப் பதிவுசெய்ய ஒரு சிறு பிரிவைத் தொடங்கியபோது, ஆசிரியரின் பழக்கங்களையும் கூடவே கொண்டுவந்தார். பருத்திக் காடுகளைப் படமெடுக்கக் கிளம்பிய கார்ல் மைடன்ஸிடம் பருத்தியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். அதிகம் தெரியாது என்று பதில் வந்ததும் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, பருத்தியின் வரலாற்றையும் வணிகத்தையும் அது தெற்கு மாநிலங்களை என்ன பாடு படுத்தியது என்பதையும் பகல் தாண்டி இரவுவரை சொல்லிக்கொடுத்தார்.

1936இன் தொடக்கத்தில் சமூகவியலாளர் ராபர்ட் லிண்டைச் சந்தித்தார். ஒரு சாதாரண அமெரிக்க ஊரை ஆராய்ந்து 'மிடில்டவுன்' என்ற நூலை எழுதியவர்களில் ஒருவர் லிண்ட். அந்தப் பேச்சிலிருந்து ஒரு பட்டியல் பிறந்தது. மாலை நேரத்தில் வீடு எப்படி இருக்கிறது? வசதியுள்ளவர்கள் எங்கே கூடுகிறார்கள், இல்லாதவர்கள் எங்கே கூடுகிறார்கள்? பெண்களுக்கு அப்படியொரு இடம் உண்டா? சுவரில் என்ன மாட்டியிருக்கிறார்கள், வருமானத்துக்குத் தக்கபடி அது மாறுகிறதா? தன் தெருவைத் தானே நின்று பார்த்தால் என்ன தெரியும்? இப்படிப் போகிறது அது. வறுமையைக் காட்டு என்று அதில் எங்கும் இல்லை. சுவரைப் பார், மேசையைப் பார் என்றுதான் இருக்கிறது.

அந்த வகைப் பார்வைக்கு என்ன கிடைத்தது என்பதற்கு ஒரு படம் போதும். 1936 டிசம்பரில் ஐயோவா மாநிலத்தின் ஸ்மித்லாண்ட் அருகே ஒரு குடிசையில் ரஸ்ஸல் லீ எடுத்தது. கிறிஸ்துமஸ் விருந்து. சிறுவர்கள் மேசையைச் சுற்றி நின்றபடியே சாப்பிடுகிறார்கள். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பை என்று அன்றைய பதார்த்தங்களைப் படக்குறிப்பு சொல்கிறது. முகங்களில் அழுகையும் இல்லை, யாரையும் எதையும் கேட்கும் பாவனையும் இல்லை. அந்த மேசையே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

பட்டியல் வைத்திருப்பவர் கையில்தான் அதிகாரமும் இருந்தது. தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்களை ஸ்ட்ரைக்கர் துளைபோடும் கருவியால் குத்திக் கெடுத்தார். இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தொகுப்பில் ஒரு விவசாயியின் முகத்தின்மீதோ வயல்மீதோ கன்னங்கரேலென்று ஒரு வட்டத்தைப் பார்க்கலாம். புகைப்படக்காரர்கள் எதிர்த்துப் பேசினார்கள். 1930களின் இறுதியில்தான் வழக்கம் நின்றது. பட்டியலின் தொனியும் காலத்தோடு மாறியது. 1940இன் இலையுதிர் காலத்தில் பிரிவின் புகைப்படக்காரர் ஜாக் டெலானோவுக்குப் போன கடிதம் பூசணிக்காயும் சோளக்காடும் நிறைந்த, வளம் பொங்கும் படங்களைக் கேட்டது. ஹிட்லர் வாசலில் நிற்கும்போது புகைப்படக்காரனின் ஆன்மாவைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு, 1942இல் ஸ்ட்ரைக்கரின் குறிப்பு, நாட்டின்மீது உண்மையாகவே நம்பிக்கை கொண்டவர்களாகத் தெரியும் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் வேண்டும் என்று கேட்டது. சுவரில் என்ன இருக்கிறது என்று கேட்ட அலுவலகம், முகத்தில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கியிருந்தது.

படத்தில் இருப்பவர்களிடம் சில நேரம் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பது இன்னொரு குறை. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் கூடாரங்களுக்கு நடுவே டொரோதியா லாங்கே எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' அந்தப் பிரிவின் மிகப் புகழ்பெற்ற படம். லாங்கே அந்தப் பெண்ணின் வயதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார், பெயரைக் கேட்கவில்லை. 1978இல் ஒரு செய்தியாளர் தேடிப் பிடித்தபோதுதான் அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன் என்று உலகுக்குத் தெரிந்தது. அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்கவே வேண்டாம், அதனால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றார் அவர். அவருடைய வருத்தம் முழுக்க நியாயமானது.

இதே ஆண்டுகளில் பிரிட்டனிலும் 'மாஸ் அப்சர்வேஷன்' என்ற இயக்கம் சாதாரண வாழ்க்கையைத் தேடிக் கிளம்பியது. 1937 ஜனவரியில் 'நியூ ஸ்டேட்ஸ்மேன்' இதழில் வந்த அதன் அறிவிப்பு, போர் நினைவுச் சின்னங்களுக்கு முன்னால் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், கார் ஓட்டுபவர்கள் எப்படிக் கத்துகிறார்கள், கையைக் காட்டுகிறார்கள் என்றெல்லாம் ஆராயப்போவதாகச் சொன்னது. கணப்படுப்புக்கு மேலே உள்ள திட்டில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியனுப்பத் தன்னார்வலர்களை அந்த இயக்கம் கேட்டது. புகைப்படத்துக்கு வந்தபோது மட்டும் அந்தத் தோழமை காணாமல் போனது. போல்டன் நகரத் தொழிலாளர்களை ஹம்ஃப்ரி ஸ்பெண்டர் கேமராவை மறைத்துவைத்துக்கொண்டே எடுத்தார்.

கேமரா கைமாறுவதற்கு ஒரு தலைமுறை ஆனது. லண்டனில் கடைத்தெரு ஸ்டூடியோ நடத்தி, கல்யாணப் படமும் குழந்தைப் படமும் எடுத்துப் பிழைத்த ஜோ ஸ்பென்ஸ், 1970களின் இறுதியில் தன் சொந்தக் குடும்ப ஆல்பத்தைத் திறந்து வேறு மாதிரிக் கேள்வி கேட்டார். இதில் சண்டை எங்கே? நோய் எங்கே? வேலை எங்கே? 1979இல் காட்சிக்கு வைத்த 'குடும்ப ஆல்பத்துக்கு அப்பால்' அதற்கு அவர் சொன்ன பதில். 1982இல் மார்பகப் புற்றுநோய் வந்தபோது மருத்துவமனைப் படுக்கையிலும் கேமராவை விடவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் போகும் முன் 'ஜோ ஸ்பென்ஸின் உடைமையா?' என்ற கேள்வியைத் தன் மார்பின் மேலேயே எழுதிப் படமெடுத்துக்கொண்டார். பயத்தையும் கோபத்தையும் நடித்துப் படமாக்கும் ஒரு முறையைப் புகைப்படக்காரர் ரோஸி மார்ட்டினோடு சேர்ந்து உருவாக்கினார். ஆல்பத்தில் இடமே இல்லாத உணர்ச்சிகளுக்கு அவர் திறந்த வழி அது.

கென்டக்கி மாநிலத்து நிலக்கரி மலைகளில் நடந்தது இன்னும் எளிமையானது. 1970களின் நடுவில் லெட்சர் கவுண்டிக்குக் குடிவந்த வெண்டி ஈவால்ட், சின்னக் கிராமப் பள்ளிகளில் புகைப்பட வகுப்பு நடத்தினார். அப்போது அவர் இருபதுகளில் இருந்தார். அதற்கு முன்பே 1969இல் கனடாவின் லாப்ரடாரில் இன்னு பழங்குடிக் குழந்தைகளோடு வேலை செய்த அனுபவம் இருந்தது. கேமராவை அவர் இலவசமாகக் கொடுக்கவில்லை. 10 டாலருக்குப் பிள்ளைகளே வாங்க வேண்டும் என்றார். வேலை செய்து சம்பாதித்துக் கட்டியவர்களும் உண்டு. தன் காசில் வாங்கிய கேமரா தன்னுடையது. படத்தைக் கழுவி அச்செடுப்பதும் அவர்களே. பள்ளியிலேயே ஓர் இருட்டறை இருந்தது.

அவர் கொடுத்த தலைப்புகள் நான்குதான்: நான், என் குடும்பம், விலங்குகள், என் கனவு. கடைசித் தலைப்பில்தான் எல்லாம் தலைகீழானது. கனவைப் படமெடுக்க முடியாது, நடத்தித்தான் காட்ட வேண்டும். உயிர் நண்பனைத் தான் கொன்றுவிட்டதாகக் கனவு கண்ட ஒரு சிறுவன், அந்த நண்பனையே கூட்டிவந்து மரக்கிளைகளின் கவட்டில் செத்தவன்போலச் சாயவைத்துப் படமெடுத்தான். செவ்விண்மீன் வானை எட்டிப்பிடிப்பதாகத் தன்னையே எடுத்துக்கொண்டாள் ஒரு சிறுமி. வறுமையின் அடையாளமாகவே அமெரிக்கா பார்த்துப் பழகிய மலைப்பகுதி அது. வெளியூர்ப் புகைப்படக்காரர்கள் பத்தாண்டுகளாக அங்கே வந்து இடிந்த தாழ்வாரங்களையும் அழுக்கு முகங்களையும் எடுத்துப்போயிருந்தார்கள். ஒரு பையனின் கொலைக் கனவு அவர்களில் எவருடைய பட்டியலிலும் இல்லை. இருந்திருக்கவும் முடியாது.

1985இல் இந்தப் படங்கள் 'உருவப்படங்களும் கனவுகளும்' என்ற நூலாக வந்தன. ஈவால்ட் அதே தலைப்புகளோடு கொலம்பியா நாட்டிலும் வேலை செய்தார். 1989இல் குஜராத்தின் விச்சியா கிராமத்துக்கும் வந்தார்.

அடுத்த பெரிய நகர்வு சீனாவின் யுன்னான் மாகாணத்தில் நடந்தது. 1992இல் ஆய்வாளர்கள் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும், ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில், செங்ஜியாங், லூலியாங் வட்டாரங்களைச் சேர்ந்த 62 கிராமத்துப் பெண்களிடம் கேமராக்களைக் கொடுத்தார்கள். அதுவரை கேமராவைத் தொட்டே பார்க்காதவர்கள் அவர்களில் பலர். ஒரு வருடம் தங்கள் அன்றாடத்தை எடுத்தார்கள்.

படத்தை எடுத்ததோடு வேலை முடியவில்லை. எல்லோரும் உட்கார்ந்து படத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அதற்கென்றே பின்னாளில் ஐந்து கேள்விகள் உருவாயின: இங்கே என்ன தெரிகிறது? உண்மையில் என்ன நடக்கிறது? இதற்கும் நம் வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு? இது ஏன் இப்படி இருக்கிறது? நாம் என்ன செய்யலாம்? பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெயிரேயின் கைத்தடம் இந்தக் கேள்விகளில் தெளிவாகத் தெரிகிறது.

ஒரு படத்தில் ஒரு பெண் சோளக்காட்டில் களை பறிக்கிறாள். காட்டின் மறுகோடியில் அவளுடைய கைக்குழந்தை தனியாகக் கிடக்கிறது. வெளியாள் பார்த்தால் வயற்காட்டுக் காட்சி. அந்தக் கூட்டத்தில் இருந்த தாய்மார்களுக்கோ அது அன்றாடக் கவலை: வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதிகாரிகளுக்கு முன்னால் அந்தப் படங்கள் வைக்கப்பட்டன. குழந்தைகள் காப்பகம், மருத்துவச்சிகளுக்கான பயிற்சி, பெண்பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை ஆகியவை பற்றிய முடிவுகளில் அவற்றுக்குப் பங்கு இருந்தது. களை பறிப்பவளைப் படமெடுக்க யாராலும் முடியும். குழந்தையையும் அவளையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று தெரிய, அந்தக் காட்டில் வேலை செய்திருக்க வேண்டும்.

'ஃபோட்டோவாய்ஸ்' என்ற பெயரில் இந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரத்தில் நடந்த பணியின் அனுபவத்திலிருந்து 2001இல் வாங்கும் அவருடைய சகப் பணியாளரும் சில நெறிகளை எழுதிவைத்தார்கள். படமெடுக்கும் முன் சம்மதம் கேட்க வேண்டும், எடுத்தவருக்கும் எடுக்கப்பட்டவருக்கும் படத்தின் பிரதி போய்ச்சேர வேண்டும் என்பவை அவற்றில் சில. நிபோமோவில் இப்படியொரு நெறி இருந்திருந்தால் தாம்ப்ஸன் 42 வருடம் பெயரில்லாமல் இருந்திருக்க மாட்டார்.

பரவிய இடமெல்லாம் நன்மை விளைந்தது என்று சொல்ல முடியாது. நிதி கொடுப்பவர் எதிர்பார்க்கும் விடையை முன்கூட்டியே வைத்துக்கொண்டு கேள்வி எழுதினால், கேமரா கிராமத்துப் பெண்ணின் கையில் இருந்தாலும் பட்டியல் பழைய வாஷிங்டன் பட்டியல்தான். 'உங்கள் ஊரில் சுகாதாரக் கேட்டைப் படமெடுங்கள்' என்று கேட்டால் சாக்கடைதான் வரும். 'உங்கள் நாள் எப்படிப் போகிறது' என்று கேட்டால் சாக்கடையும் வரும், அதன் ஓரத்தில் கோலமும் வரும்.

இந்தப் பொறி அமெரிக்கக் கலைஞர்களான மிராண்டா ஜூலைக்கும் ஹாரெல் ஃபிளெட்சருக்கும் புரிந்திருந்தது. 2002 முதல் 2009 வரை அவர்கள் இணையத்தில் 70 வேலைகளை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று கொடுத்தார்கள். கட்டிலுக்கு அடியில் ஃபிளாஷ் போட்டுப் படமெடு. உடம்பில் உள்ள ஒரு தழும்பைப் படமெடுத்து அதன் கதையை எழுது. அப்பாவும் அம்மாவும் முத்தமிடுவதைப் படமெடு. விடை இன்னதென்று முன்கூட்டி ஊகிக்கவே முடியாத கேள்விகள்.

தமிழ்நாட்டில் கேமராவைக் கைமாற்றும் வேலையை எடுத்திருப்பவர்களில் முக்கியமானவர் எம். பழனி குமார். மீன் விற்கும் தாயின் மகனாக மதுரைப் பக்கம் வளர்ந்தவர். மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமையைச் சொன்ன 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2022இல் தயானிதா சிங் - பரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு அவர் புகைப்படம் கற்பித்துவருகிறார். வெளியிலிருந்து வந்தவர்கள் துயரமாக மட்டும் காட்டிய தெருக்களை அங்கேயே வளரும் பிள்ளைகள் எடுக்கும்போது, துயரத்தோடு விளையாட்டும் சமையலும் அம்மாவின் களைப்பும் ஒரே வரிசையில் வருகின்றன.

ஸ்ட்ரைக்கரின் பிரிவு எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் ஏறத்தாழ 1,75,000 நெகட்டிவ்கள், துளை விழுந்தவை உட்பட, நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நம் பிள்ளைகள் எடுக்கும் படங்களுக்கும் அப்படியொரு பொது இருப்பிடம் வேண்டும். அச்சில் வந்த தமிழுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் செய்துவரும் வேலையை இவற்றுக்கும் யாராவது செய்ய முன்வர வேண்டும். எடுத்தவரின் சம்மதத்தோடும் பெயரோடும், அவரே எழுதிய குறிப்போடும், எந்தக் கேள்விக்காக எடுத்தது என்ற விவரத்தோடும் அவை அங்கே போய்ச் சேர வேண்டும்.